முதலிடம் வந்த வகுப்பில் இல்லாதவர்கள்

2025 மே 8ஆம் தேதி பிளஸ் டூ முடிவுகள் வந்தன. மாநிலத் தேர்ச்சி 95.03 விழுக்காடு. அரியலூர் மாவட்டம் 98.82 விழுக்காட்டோடு முதலிடம். அதற்கு முந்தைய ஆண்டு பத்தாம் வகுப்பில் 97.31 எடுத்து முதலில் நின்றதும் அரியலூர்தான். 2023இல் பத்தாம் வகுப்பில் 97.67 எடுத்துப் பெரம்பலூர் முதலிடம். 2022இல் பிளஸ் டூவில் 97.95 எடுத்து முதலிடம் பிடித்ததும் பெரம்பலூர். அடுத்தடுத்துக் கிடக்கும் இரண்டு சின்ன மாவட்டங்கள் நான்கு ஆண்டுகளாக ஏதாவதொரு பொதுத்தேர்வில் தமிழ்நாட்டுக்கே முன்னால் போய் நின்றிருக்கின்றன.

நான் பிறந்தது பெரம்பலூர் பக்கம், பருத்தியும் மக்காச்சோளமும் விளைகிற கரிசல் காட்டில். வாழ்க்கைப்பட்டது அரியலூர் பக்கம், சுண்ணாம்புக்கல் லாரி ஓடுகிற சாலையோர ஊரில். திருச்சியிலிருந்து 1995இல் பெரம்பலூர் பிரிந்தது. 2001இல் அதிலிருந்து அரியலூர் பிரிந்தது. அடுத்த ஆண்டே மறுபடி சேர்ந்தது. 2007 நவம்பரில் மறுபடி பிரிந்தது. எல்லைக் கோட்டை எத்தனை முறை அழித்துப் போட்டாலும் சந்தையும் சம்பந்தமும் பிரியவில்லை. அதனால் இரண்டையும் ஒரே ஊராக எண்ணித்தான் எழுதுகிறேன். ஒரு மகளுக்கும் ஒரு மகனுக்கும் தாயாகவும், அரசுப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் உறுப்பினராகவும் இருந்து பார்த்ததில் எனக்குள் உறுதிப்பட்ட எண்ணங்கள் இவை.

முதலில் அந்த முதலிடத்தின் பெருமையைச் சொல்லிவிட வேண்டும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் எழுத்தறிவு 80.09 விழுக்காடு. பெரம்பலூரில் 74.32, அரியலூரில் 71.34. அதாவது, மாநிலச் சராசரியைவிடப் படிப்பு குறைந்த வீடுகளிலிருந்துதான் இந்தப் பிள்ளைகள் வந்தார்கள். மதிப்பெண் அட்டையில் கைநாட்டு வைத்த அம்மாக்கள் என் கண்முன் இருக்கிறார்கள். பருத்தி எடுத்துவிட்டு, களை வெட்டிவிட்டு வந்து, சிறப்பு வகுப்பு முடிந்து இருட்டில் இறங்கும் மகளுக்காகக் கையில் டார்ச் லைட்டோடு பஸ் நிறுத்தத்தில் நிற்பவர்கள். மகள் படிக்கிற பாடம் அவர்களுக்குத் தெரியாது. எந்தத் தேதியில் எந்தப் பரீட்சை என்பது மட்டும் மனப்பாடமாகத் தெரியும்.

ஆசிரியர்களின் உழைப்பும் பெரிது. பெரம்பலூரில் தரேஸ் அகமது ஆட்சியராக இருந்தபோது அரசுப் பள்ளிப் பிள்ளைகளில் முப்பது பேரைத் தேர்ந்தெடுத்துத் தங்க வைத்துப் பாடம் சொல்லித் தரும் ‘சூப்பர் 30’ வகுப்பு தொடங்கியது. கூலி வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகள் அங்கிருந்து மருத்துவத்துக்கும் பொறியியலுக்கும் போனார்கள். ‘நம்ம புள்ளையும் போவும்’ என்ற நினைப்பு அதற்குப் பிறகுதான் கிராமத்து வீடுகளில் ஊன்றியது. ஒரு ஆட்சியர் தொடங்கியதைப் பின்னால் வந்த ஆசிரியர்களும் தாய்மார்களும் சேர்ந்து பிடித்துக்கொண்டார்கள். இந்த முதலிடத்தை யாரும் எங்களுக்குத் தூக்கிக் கொடுக்கவில்லை.

அதே கணக்கெடுப்பில் இன்னொரு எண் இருக்கிறது. அதை எந்தச் சாலையோர பேனரிலும் யாரும் அச்சடிப்பதில்லை. ஆறு வயதுக்கு உட்பட்ட ஆண் குழந்தைகள் ஆயிரம் பேருக்குப் பெண் குழந்தைகள் எத்தனை பேர் என்ற கணக்கு. தமிழ்நாட்டுக்கு அது 943. பெரம்பலூரில் 913. அரியலூரில் 897. மாநிலத்தில் அரியலூருக்கும் கீழே இருந்தது பக்கத்திலுள்ள கடலூர் ஒன்றுதான், 896.

2011இன் தொடக்கத்தில் ஆறு வயதுக்கு உட்பட்டிருந்த குழந்தைகள் யார்? 2004இலிருந்து 2011க்குள் பிறந்தவர்கள். அவர்கள்தான் வளர்ந்து 2022இல் பிளஸ் டூ எழுதினார்கள், 2023இலும் 2024இலும் பத்தாம் வகுப்பு எழுதினார்கள், 2025இல் 98.82 விழுக்காடு தேறினார்கள். மாநிலத்தில் முதலிடம் வந்த வகுப்பும், பெண் குழந்தைகள் குறைந்துபோன வகுப்பும் ஒரே வகுப்பு. இது புரிந்த நாளிலிருந்து தேர்வு முடிவுகளை வெறும் மகிழ்ச்சியோடு என்னால் படிக்க முடிவதில்லை.

இயற்கையாகப் பிறந்தால் ஆயிரம் ஆணுக்குச் சுமார் 950 பெண் பிறக்கும். அந்தக் கணக்குப்படி, நாற்பது பையன்கள் உட்கார்ந்திருக்கும் ஓர் அரியலூர் வகுப்பறையில் முப்பத்தெட்டுப் பெண்கள் இருந்திருக்க வேண்டும். முப்பத்தாறு பேர்தான் இருக்கிறார்கள். இரண்டு பெண்கள் குறைவு. அவர்கள் இடைநின்றவர்களும் அல்லர், தோற்றவர்களும் அல்லர். வருகைப் பதிவேட்டில் ஏறாத பெயர்கள். தேர்ச்சி விழுக்காட்டைக் கணக்கிடும்போது யாரும் அவர்களை மொத்தத்தில் சேர்ப்பதில்லை.

ஊரில் இதைச் சொன்னால் நம்ப மாட்டார்கள். ‘நம்ம ஊர்ல பொம்பளைங்கதானக்கா அதிகம்?’ என்பார்கள். அதுவும் பொய்யில்லை. எல்லா வயதினரையும் சேர்த்துப் பார்த்தால் அதே 2011இல் அரியலூரில் ஆயிரம் ஆணுக்கு 1015 பெண்கள், பெரம்பலூரில் 1003. ஆண்கள் சென்னைக்கும் திருப்பூருக்கும் வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் போய்விடுகிறார்கள். காட்டிலும் ரேஷன் கடை வரிசையிலும் நூறு நாள் வேலையிலும் பெண்கள்தான் தெரிகிறார்கள். பெரியவர்கள் கூட்டமாக இருப்பதால் தொட்டிலில் குறைந்ததை யாரும் கவனிக்கவில்லை.

அரசு சும்மா இருந்தது என்று சொல்ல முடியாது. கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று பார்ப்பதைத் தடுக்கும் சட்டம் 1994இலேயே வந்துவிட்டது. 1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம், 2011 கணக்கெடுப்பின் எண்களைப் பார்த்த பிறகு கடலூர், அரியலூர், பெரம்பலூர், விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களுக்கும் வந்தது. ஆனால் தொட்டில் என்பது பிறந்த குழந்தைக்கு. ஸ்கேன் கருவி அதற்கு முன்னாலேயே பேசிவிடுகிறது. தருமபுரி, கள்ளக்குறிச்சிப் பக்கம் வீடுகளில் வைத்துக் கருவியால் பார்த்துச் சொன்ன கும்பல்கள் பிடிபட்ட செய்திகளை அண்மை ஆண்டுகளில் படித்தோம். ஓர் ஊரில் தொழில் நடக்கிறதென்றால் அதைத் தேடி ஆட்கள் வருகிறார்கள் என்று பொருள். கும்பலைப் பிடித்த காவல்துறையால் தேடிப் போன குடும்பத்தின் மனத்தைப் பிடிக்க முடியாது.

அந்தக் குடும்பம் கொடியவர்களின் குடும்பம் என்று நினைத்துக்கொள்வது எளிது. நான் அப்படி நினைக்கவில்லை. பிள்ளைகள் மேல் உயிரையே வைத்திருக்கும் குடும்பம்தான் அது. காணி நிலம், ஒரு மாடு, வெளிநாட்டுக்குப் போன மாமன் அனுப்பும் பணம். முதலில் ஒரு பெண். அடுத்தது பையனாக இருந்தால் அவனை நல்ல பள்ளியில் சேர்க்கலாம், வேன் கட்டணம் கட்டலாம், பெண்ணுக்கும் இருபது பவுன் சேர்க்கலாம். அடுத்ததும் பெண்ணென்றால் நாற்பது பவுன், இரண்டு பைக், இரண்டு முறை சீர்வரிசை. சமையற்கட்டில் உட்கார்ந்து மாமியாரும் மருமகளும் போடுகிற கணக்கு இது. பிள்ளைகள் குறைவாக இருந்தால்தான் நன்றாகப் படிக்க வைக்க முடியும் என்ற அதே எண்ணம்தான் 98.82 விழுக்காட்டையும் கொடுத்தது, 897ஐயும் கொடுத்தது. அக்கறையில்லாமல் நடந்தது இல்லை இது. ‘என் வீடு, என் பிள்ளை’ என்று வாசற்படியோடு நின்றுவிட்ட அக்கறை செய்த வேலை. நாற்பது பவுன் என்பது எந்த ஒரு வீடும் தனியாக வைத்த விலை இல்லை, ஊர் சேர்ந்து வைத்த விலை. அதை இறக்குவதும் ஊர் சேர்ந்தால்தான் முடியும். ஆனால் அதற்காக ஒரு கூட்டம் போட்டதாக எந்த ஊரிலும் நான் கேள்விப்பட்டதில்லை. கோயில் கும்பாபிஷேகத்துக்கு வரி போட ஒரே இரவில் ஊர் கூடிவிடுகிறது.

இந்த இடத்தில் செந்துறை வட்டம் குழுமூர் அனிதாவை நினைக்காமல் எங்கள் பக்கத்துத் தாய் யாரும் கடந்து போக முடியாது. நான்கு அண்ணன்மாருக்கு ஒரே தங்கை. தந்தை திருச்சி காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்கியவர். பிளஸ் டூவில் 1200க்கு 1176. பழைய முறைப்படி மருத்துவத்துக்கான கட்ஆஃப் 196.75. அந்த ஆண்டில் நீட் தேர்வு கட்டாயமானது. அதற்கு எதிராக உச்ச நீதிமன்றம் வரை போய் நின்றாள். 2017 செப்டம்பர் 1ஆம் தேதி அவளை இழந்தோம். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020இல் வந்தது. 2022 ஜனவரியில் அரியலூரிலேயே அரசு மருத்துவக் கல்லூரி திறந்தார்கள். அதன் அரங்குக்கு அவள் பெயர். அவளைப் பற்றி அரசியல் மேடைகளில் நிறையப் பேசிவிட்டார்கள். நான் தாயாகச் சொல்வது ஒன்றுதான்: நான்கு ஆணுக்குப் பிறகு பிறந்த பெண்ணைச் சுமையாக எண்ணாத ஒரு மூட்டை தூக்கும் தகப்பன் எங்கள் மாவட்டத்தில் இருந்தார். அந்த வீட்டில் நடந்த அந்த முதல் நல்ல காரியத்தைப் பற்றி யாரும் மேடையில் பேசவில்லை. அதைத்தான் முதலில் பேசியிருக்க வேண்டும்.

தேறிய பிறகு என்ன என்று கேட்டால் எங்கள் ஊரில் ஒரே பதில்தான். ‘எங்கயாவது போயி நல்லா இருக்கட்டும்.’ என் அம்மாவும் என்னிடம் சொன்னாள், ‘படிச்சு இந்த வெயில்ல இருந்து தப்பிச்சுக்க பாப்பா’ என்று. அன்பில்லாத வார்த்தை என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் ஒரு மாவட்டமே தன் பிள்ளைகளிடம் முப்பது ஆண்டுகளாக இதையே சொல்லிக்கொண்டிருந்தால் அந்த மாவட்டம் என்னவாகும்? விட்டுப் போகப் போகிற ஊரைச் சரிசெய்ய யாருக்கு மனம் வரும்? எங்கள் சாலை அப்படியே கிடப்பதற்கும், சுரங்கக் குழிகள் அப்படியே கிடப்பதற்கும், தெருக்கள் சாதியால் இரண்டாகவே கிடப்பதற்கும் அடியில் இந்த வார்த்தை இருக்கிறது.

சாலையைச் சொல்கிறேன். அரியலூரைச் சுற்றி ரெட்டிப்பாளையம், கோவிந்தபுரம், தளவாய், கீழப்பழுவூர், ஆலத்தியூர் என்று சிமெண்ட் ஆலைகள். அரசின் டான்செம் ஆலையும் இங்கேதான். சென்னையில் எழும் மாடிகளில் எங்கள் மண் இருக்கிறது. சுரங்கத்துக்கும் ஆலைக்கும் நடுவே டிப்பர் லாரிகளும் டாரஸ் லாரிகளும் ஓடுகின்றன. இத்தனை நடை அடித்தால் இவ்வளவு என்று கூலி பேசியிருந்தால் ஓட்டுநர் வேகமாகத்தான் ஓட்டுவார். அவரை மட்டும் திட்டிப் பயனில்லை. தார்ப்பாய் மூடாமல் வரும் லாரியிலிருந்து விழும் கல் சைக்கிளில் போகும் பிள்ளையின் முகத்துக்கு நேராக வருகிறது. சாலையோரத்து மக்காச்சோளத் தோகையும் வேப்பிலையும் சாம்பல் நிறத்தில் நிற்கின்றன. காலை எட்டிலிருந்து பத்து வரைக்கும், மாலை நான்கிலிருந்து ஆறு வரைக்கும் லாரி ஓடக்கூடாது என்று கேட்கிறோம். ஒரு விபத்து நடந்ததும் மறியல் நடக்கும், பேச்சுவார்த்தை நடக்கும், சில வாரம் லாரி நின்று போகும். பிறகு பழையபடிதான்.

மறியலில் நிற்பவர்கள் யார் என்று பார்த்தால், அடிபட்ட பிள்ளையின் சொந்தக்காரர்களும் அந்தத் தெருவும். மற்ற பெற்றோர் அன்று இரவு ஒரு முடிவு எடுக்கிறார்கள்: மகனைப் பள்ளி வேனில் அனுப்புவது. வேன் கட்டணம் கட்ட முடிந்த வீட்டுக்கு அத்தோடு சாலைப் பிரச்சினை தீர்ந்துவிடுகிறது. மறுபடி அதே வாசற்படி. சைக்கிளில் போகும் பிள்ளைகளுக்காகக் குரல் கொடுக்க வசதியும் படிப்பும் உள்ள பெற்றோர் ஒவ்வொருவராக விலகிப் போனதுதான் எங்கள் அரசுப் பள்ளிகளுக்கும் எங்கள் சாலைகளுக்கும் நேர்ந்த பெரிய இழப்பு என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

பணம் இல்லை என்ற பேச்சை நான் ஏற்பதில்லை. 2015இல் சுரங்கச் சட்டத்தைத் திருத்தி, கனிமம் எடுக்கும் ஒவ்வொரு மாவட்டத்திலும் கனிம அறக்கட்டளை அமைத்தார்கள். பழைய குத்தகைச் சுரங்கங்கள் தாங்கள் அரசுக்குக் கட்டும் உரிமைத் தொகையில் 30 விழுக்காட்டை அந்த அறக்கட்டளைக்கும் கட்ட வேண்டும். சுண்ணாம்புக் கல்லுக்கு உரிமைத் தொகை டன்னுக்கு 80 ரூபாய் என்றால் அறக்கட்டளைக்கு 24 ரூபாய். முப்பது டன் ஏற்றிக்கொண்டு எங்கள் பள்ளியைத் தாண்டிப் போகும் ஒரு லாரி, சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட மக்களுக்கென்று 720 ரூபாயை ஏற்றிக்கொண்டு போகிறது. குடிநீர், மருத்துவம், கல்வி, சுற்றுச்சூழல் ஆகியவற்றுக்குத்தான் அதில் பெரும்பங்கைச் செலவிட வேண்டும் என்பது விதி. ஒரு நாளில் எத்தனை லாரி போகிறது என்று சாலையோரத்துப் பாட்டிக்கும் தெரியும். அந்தப் பணம் எந்தப் பள்ளிக்கு வந்தது, எந்தச் சுகாதார நிலையத்துக்குப் போனது என்று கிராம சபையில் கேட்கும் பெற்றோர் எத்தனை பேர்? ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. எங்கள் ஊர்க் கூட்டங்களில் தெருவிளக்கையும் தண்ணீர்த் தொட்டியையும் தாண்டிப் பேச்சு போனதை நான் பார்த்ததில்லை. நூறு நாள் வேலைக்கு வந்த அக்காமார்கள்தான் கூட்டத்தை நிரப்புகிறார்கள். படித்து வேலைக்குப் போனவர்கள் வருவதில்லை.

குழிகளும் அப்படித்தான். கல் எடுத்து முடிந்த சுரங்கத்தை மூடுவதற்குத் திட்டம் வேண்டும், அதற்கு நிதி உத்தரவாதம் வேண்டும் என்று விதி இருக்கிறது. மழைத் தண்ணீர் நிறைந்து கிடக்கும் பழைய குழிகளில் கோடை விடுமுறையில் பையன்கள் குதிக்கிறார்கள். ஆழம் அவர்களுக்குத் தெரியாது. அதைச் சுற்றிக் கம்பிவேலி வேண்டும் என்று ஒரு மனு எழுதப் பெரிய படிப்பு தேவையில்லை.

அந்தக் கல் என்ன கல் என்பதாவது எங்கள் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் இந்த நிலம் கடலுக்கு அடியில் கிடந்தது. அந்தக் கடலின் சிப்பியும் நத்தையும் படிந்து இறுகியதுதான் இந்தச் சுண்ணாம்புக்கல். பெரம்பலூர் மாவட்டத்தில் காரைக்குப் பக்கத்தில் செம்மண்ணும் வெளிர்மண்ணும் மழைநீரில் அரித்து மடிப்பு மடிப்பாகக் கிடக்கும் நிலத்தில் இன்றும் சுருள் சுருளான அம்மோனைட் படிவங்கள் கிடைக்கின்றன. சாத்தனூரில் 12 கோடி ஆண்டுப் பழமையான மரம் 18 மீட்டர் நீளத்துக்குக் கல்லாகிக் கிடக்கிறது. 1940இல் புவியியல் ஆய்வுத் துறையின் எம்.எஸ். கிருஷ்ணன் அதைக் கண்டு சொன்னார். கல்லமேட்டில் டைனோசர் எலும்புகள் கிடைத்ததைப் பற்றி மேட்லி என்ற ஆய்வாளர் 1929இலேயே எழுதிவிட்டார். வாரணவாசியில் இவற்றுக்காக ஓர் அருங்காட்சியகமும் இருக்கிறது. உலகத்துப் புவியியல் மாணவர்கள் தேடி வருகிற இடம் இது. எங்கள் பிள்ளைகளைச் சுற்றுலா என்றால் தீம் பார்க்குக்குத்தான் கூட்டிப்போகிறார்கள். என் மகள் சாத்தனூர் மரத்தின் மேல் கைவைத்துப் பார்த்துவிட்டு, ‘இது ஏம்மா எங்க புஸ்தகத்துல இவ்ளோ சின்னதா போட்டுருக்காங்க?’ என்று கேட்டாள். கரைவெட்டி ஏரிக்கு மத்திய ஆசியாவிலிருந்து பறந்து வரும் வரித்தலை வாத்துகளைப் பார்த்த பிள்ளைகளும் ஊரில் குறைவு. அந்த ஏரி 2024 ஜனவரியில் ராம்சர் ஈரநிலங்களின் பட்டியலில் சேர்ந்தது. தன் மண்ணில் என்ன இருக்கிறது என்று தெரியாத பிள்ளை அதை விட்டுப் போகும்போது எதையும் இழந்ததாக நினைக்காது. வெட்டி எடுத்துப் போகிறவர்களிடம் ஒரு கேள்வியும் கேட்காது.

தெருக்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால் நான் சொன்ன மற்றவை எல்லாம் பொய்யாகிவிடும். 2019 ஏப்ரல் 18, நாடாளுமன்றத் தேர்தல் நாளில், செந்துறை வட்டம் பொன்பரப்பியில் தலித் மக்களின் வீடுகள் அடித்து நொறுக்கப்பட்டன. கோடை விடுமுறை முடிந்து ஜூன் மாதம் பள்ளி திறந்தபோது இரண்டு தெருப் பிள்ளைகளும் ஒரே பள்ளிக்குத்தானே போயிருப்பார்கள்? உடைந்த வீட்டிலிருந்து வந்த பிள்ளையும், உடைத்தவர்களை வீட்டில் பார்த்த பிள்ளையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து என்ன பேசிக்கொண்டிருப்பார்கள்? அன்று நான் செய்தியைப் படித்ததிலிருந்து இந்தக் கேள்வி என்னை விட்டுப் போகவில்லை. நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் சக மாணவர்களே ஒரு பையனையும் அவன் தங்கையையும் வெட்டிய பிறகு, ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் ஒருநபர் குழு அமைத்தார்கள். சாதி காட்டும் வண்ணக் கயிறுகளைப் பள்ளியில் தடைசெய்ய வேண்டும் என்று 2024 ஜூனில் அவர் பரிந்துரைத்தார். நல்ல பரிந்துரை. ஆனால் அந்தக் கயிறு பள்ளிக்கூடத்தில் விற்பதில்லை. பையன் வீட்டில் இருந்து கட்டிக்கொண்டு வருகிறான். கட்டும்போது பார்த்துக்கொண்டிருப்பது தாய்தான், தகப்பன்தான். ஆசிரியர் அறுக்கச் சொல்லும்வரை காத்திருக்கும் பெற்றோர் தங்கள் வேலையை ஆசிரியர் தலையில் போடுகிறார்கள்.

போக வேண்டாம் என்று நான் என் பிள்ளைகளிடம் சொல்லப் போவதில்லை. பல்லவன் ரயிலில் ஏறிச் சென்னைக்குப் போகட்டும், விமானம் ஏறி எங்கும் போகட்டும். ஆனால் இருக்க விரும்பினால் இருக்க முடிகிற ஊராக இது இருக்க வேண்டும். எறையூரில் 2022 நவம்பரில் அடிக்கல் நாட்டிய காலணிப் பூங்கா, ஜெயங்கொண்டம் சிப்காட்டில் 2024 நவம்பரில் அடிக்கல் நாட்டிய தைவான் நிறுவனத்தின் காலணி ஆலை என்று வேலைகள் வரத் தொடங்கியிருக்கின்றன. இப்படிப்பட்ட ஆலைகளில் பெரும்பாலும் பெண்களைத்தான் எடுக்கிறார்கள். சம்பளம் கையில் வாங்கும் மகள் இருக்கிற வீட்டில் இரண்டாவது பெண் சுமையாகத் தெரியாமல் போகலாம் என்பதால் நான் இதை வரவேற்கிறேன். அதே சமயம் பெரம்பலூர் பக்கம் சிறப்புப் பொருளாதார மண்டலத்துக்கென்று 2007 வாக்கில் வாங்கிய சுமார் மூவாயிரம் ஏக்கர் பல ஆண்டுகள் முள்ளு மண்டிக் கிடந்ததையும் நாங்கள் பார்த்திருக்கிறோம். 98 விழுக்காடு தேறிய பிள்ளைகளுக்குக் காலணி தைக்கும் வேலை மட்டும் போதும் என்று யாரும் முடிவு கட்டிவிடக் கூடாது. பெற்றோர் கேட்க வேண்டும்: ஆலைக்குள் மேலாளர் வேலைக்கும் ஆய்வகத்துக்கும் எங்கள் பெண்கள் எப்போது போவார்கள் என்று.

பள்ளி மேலாண்மைக் குழுவை நான் நம்புவதற்குக் காரணம் உண்டு. சட்டப்படி அதில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். அரசு தாய்மார்களை ஒரு மேசையைச் சுற்றி உட்கார வைத்து ‘முடிவெடுங்கள்’ என்று சொல்கிற இடம் கிராமத்தில் வேறு அதிகம் இல்லை. பெரும்பாலும் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறோம். ஒரு வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் லாரி நேரத்துக்கான மனுவை எழுதி முடித்த பிறகு நான் இன்னொன்றையும் சொன்னேன். ஒவ்வொரு மே மாதமும் தேறியவர்களின் எண்ணிக்கையை ஃபிளெக்ஸ் அடித்து வைக்கிறோம். ஊராட்சி அலுவலக வாசலில் ஒரு கரும்பலகை வைத்து, அந்த மாதம் ஊரில் பிறந்த பெண் குழந்தைகள் எத்தனை, ஆண் குழந்தைகள் எத்தனை என்று எழுதலாமே. வீட்டின் பெயர் வேண்டாம், எண் மட்டும். கிராம சுகாதார செவிலியரிடம் கணக்கு இருக்கிறது. செலவு சாக்பீசுக்கு மட்டும்தான்.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு எனக்கு மூத்த ஓர் அக்கா, ‘ஏம்மா, யாரு வீட்டுல என்ன நடந்துச்சுன்னு ஊரே விரல் நீட்டும், சண்டை வரும்’ என்றார். தலைமையாசிரியர் எதுவும் சொல்லவில்லை. ஆனால் தீர்மானப் பதிவேட்டை மூடாமல் வைத்திருந்தார். ஒரு மாதத்து எண்ணில் எதுவும் தெரியாது, ஒரு சின்ன ஊரில் ஐந்து பையனும் இரண்டு பெண்ணும் தற்செயலாகவும் பிறக்கலாம், ஐந்து ஆண்டு எழுதினால்தான் உண்மை தெரியும், அதுவரைக்கும் யாரையும் சுட்ட முடியாது என்று நான் விளக்கினேன். அக்கா முழுதாக ஒப்புக்கொள்ளவில்லை. ‘அப்ப பவுன் கணக்கையும் எழுதுவோமா, யாரு எவ்ளோ கேட்டாங்கன்னு?’ என்று கேட்டார். கோபத்தில் கேட்டாரா, உண்மையாகவே கேட்டாரா என்று எனக்குத் தெரியவில்லை. நான் கேட்டதைவிட அது பெரிய யோசனை என்று மட்டும் தெரிந்தது.

2021இல் நடக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு தள்ளிப்போய், 2027 மார்ச் 1ஐ அடிப்படை நாளாக வைத்து நடக்க இருக்கிறது. அதில் ஆறு வயதுக்கு உட்பட்டவர்களாக எண்ணப்படும் குழந்தைகள் 2020க்குப் பிறகு பிறந்தவர்கள். அவர்களில் மூத்தவர்கள் 2037 வாக்கில் பிளஸ் டூ எழுதுவார்கள். அந்த வகுப்பில் நாற்பது பையன்களுக்கு எத்தனை பெண்கள் என்பதில் ஒரு பகுதி முடிவாகிவிட்டது. மீதி இந்த மாதமும் அடுத்த மாதமும் எங்கள் வீடுகளில் முடிவாகிறது. பலகைத் தீர்மானம் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைக்கப்பட்டிருக்கிறது. அதற்குள் அந்த அக்காவின் வீட்டுக்குப் போய், பவுன் கணக்கைப் பற்றி அவர் சொன்னதை விரிவாகக் கேட்டு எழுதிக்கொண்டு வர வேண்டும்.